பங்குப் பண்ணைப் பெட்டியில் ஜூன் மாதத்தில் ஏன் தக்காளி இல்லை?

குளிர்காலத்திலேயே ஒரு பண்ணைக்குப் பணம் கட்டிவிட்டு, ஜூன் முதல் அக்டோபர் வரை அங்கு விளையும் காய்கறியில் வாரந்தோறும் ஒரு பங்கைப் பெற்றுக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் நாற்பது ஆண்டுகளாக இருந்துவருகிறது. ‘சமூக ஆதரவு வேளாண்மை’ என்றும் சுருக்கமாக சிஎஸ்ஏ என்றும் இதைச் சொல்கிறார்கள். புதிதாகச் சேரும் குடும்பங்களுக்கு முதல் ஆண்டில் குழப்பமே மிஞ்சுகிறது. முதல் சில வாரங்களுக்கு இலையும் முள்ளங்கியும் மட்டுமே வருகின்றன; ஜூலைக் கடைசியில் சமைத்துத் தீர்க்க முடியாத அளவுக்குச் சுக்கினி என்ற பூசணி வகைக் காய் குவிகிறது; வெள்ளமோ நோயோ தாக்கிய ஆண்டில் பெட்டி பாதி காலியாக வருகிறது, கட்டிய பணமும் திரும்புவதில்லை. கடையில் இதே பணத்துக்கு வேண்டியதை வேண்டியபோது வாங்கியிருக்கலாமே என்ற கேள்வி எழுவது இயல்பு.

விடை, பருவம் நுகர்வோரை வந்தடையும் வழியில் இருக்கிறது. கடையில் பருவம் விலையாக வந்து சேருகிறது. பங்குப் பண்ணையில் அது அளவாகவும் வகையாகவும் வந்து சேருகிறது. இதைப் புரிந்துகொள்ள முதலில் பங்கு என்பது என்ன, பிறகு வயலில் எந்தப் பயிரை எது ஆள்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த முறை அமெரிக்காவில் தொடங்கிய மாசசூசெட்ஸையும், அதை அடுத்துள்ள வெர்மான்ட்டையும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

பங்கு என்பது எதற்கான விலை

மூன்று சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

1. பங்கு: பண்ணையின் ஓர் ஆண்டு விளைச்சலை உறுப்பினர் எண்ணிக்கையால் பகுத்தால் ஒருவருக்கு வரும் பாகம். இத்தனை கிலோ தருகிறோம் என்ற உறுதி இதில் கிடையாது.

2. பருவம்: விநியோகம் நடக்கும் வாரங்கள். மாசசூசெட்ஸில் பெரும்பாலும் ஜூன் தொடக்கத்திலிருந்து அக்டோபர் இறுதிவரை, ஏறக்குறைய 20 வாரங்கள்.

3. பகிர்நாள்: அறுவடையைப் பெற்றுக்கொள்ளும் நாள். சில பண்ணைகள் பெட்டியில் அடைத்துத் தருகின்றன. சில, களஞ்சியத்தில் தொட்டி தொட்டியாக அடுக்கி வைத்து, ‘லெட்டூஸ் 2, பீட்ரூட் ஒரு கட்டு’ என்று பலகையில் எழுதி, எடுத்துக்கொள்ளச் சொல்கின்றன.

குளிர்காலத்தில் பணம் கேட்பதற்குக் காரணம் பண்ணையின் செலவுக் கணக்கு. விதை, நாற்று வளர்க்கும் மண்கலவை, பசுமைக்குடிலைச் சூடாக்கும் எரிவாயு, டிராக்டர் பழுது ஆகிய அனைத்தும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரும் செலவுகள். அப்போது வயலில் பனி கிடக்கும். விற்க ஒன்றும் இருக்காது. வங்கியில் கடன் வாங்கி வட்டி கட்டுவதற்குப் பதிலாக, உண்ணப்போகிறவர்களே அந்த முதலீட்டைத் தருகிறார்கள். அதற்கு ஈடாக அவர்கள் ஏற்பது விளைச்சலின் ஏற்ற இறக்கம்.

மாசசூசெட்ஸின் சவுத் எக்ரமன்ட்டில் ராபின் வான் என் நடத்திய இந்தியன் லைன் பண்ணையும், நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள டெம்பிள்-வில்டன் சமூகப் பண்ணையும் 1986-இல் இந்த முறையைத் தொடங்கின. முதலாவதற்கு யோசனையைச் சுவிட்சர்லாந்திலிருந்து கொண்டுவந்தவர் யான் வாண்டர் டுயின். அங்கு ஜெனீவாவில் 1978-லேயே இத்தகைய கூட்டுறவு ஒன்று உருவாகியிருந்தது. ஜப்பானில் 1970-களிலேயே நுகர்வோரும் இயற்கை உழவரும் நேரடியாகக் கைகோத்த இயக்கம் இருந்தது. அலபாமாவின் டஸ்கீகி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய புக்கர் வாட்லி, சிறு கறுப்பின உழவர்களுக்கு முன்பணம் செலுத்தும் உறுப்பினர் சங்கம் என்ற வழியைப் பரிந்துரைத்ததும் அதே காலத்தில்தான். அமெரிக்க வரலாற்றைச் சொல்கிறவர்கள் வாட்லியின் பெயரைப் பல காலம் விட்டுவிட்டது நியாயமற்றது.

டெம்பிள்-வில்டன் பண்ணையின் ஏற்பாடு குறிப்பிடத்தக்கது. ஆண்டுக் கூட்டத்தில் பண்ணையின் செலவுத் திட்டத்தை உறுப்பினர்கள் முன் வைக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன்னால் இயன்ற தொகையை உறுதி கூறுகிறது. மொத்தம் எட்டவில்லை என்றால் மீண்டும் ஒரு சுற்று. இங்கே காய்கறிக்கு விலையே கிடையாது. உறுப்பினர்கள் தாங்குவது பண்ணை ஓர் ஆண்டு இயங்குவதற்கான செலவை. இன்று பெரும்பாலான பண்ணைகள் நிலையான தொகையை வசூலித்தாலும், அடிப்படை இதுதான்.

பெட்டியை முடிவு செய்யும் மூன்று

இந்தப் பகுதியில் எந்த வாரத்தில் எது விளையும் என்பதை மூன்று காரணிகள் முடிவு செய்கின்றன. உழவரின் விருப்பம் இவற்றுக்குப் பிறகே வருகிறது.

முதலாவது, உறைபனி. மேற்கு மாசசூசெட்ஸில் கடைசி உறைபனி மே மாத நடுப்பகுதியைத் தாண்டியும் வரக்கூடும். இலையுதிர்காலத்தின் முதல் உறைபனி செப்டம்பர் இறுதியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ வந்துவிடும். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, வெள்ளரி, பீன்ஸ் ஆகியவை ஒரே இரவு உறைபனியில் கருகிவிடும். ஆகவே அவற்றுக்குத் திறந்தவெளியில் கிடைக்கும் காலம் நான்கு மாதங்களுக்குச் சற்று மேல்.

இரண்டாவது, மண்ணின் வெப்பம். பட்டாணி விதை 5 டிகிரி செல்சியஸ் மண்ணிலும் மெதுவாக முளைக்கும். பீன்ஸ் விதையை அதே மண்ணில் போட்டால் அழுகும். தக்காளி நாற்று 10 டிகிரிக்குக் கீழே இரவு வெப்பம் இறங்கும் நாட்களில் வளராமல் அப்படியே நிற்கும். லெட்டூஸ் இதற்கு நேர்மாறு: மண் 30 டிகிரியை நெருங்கினால் அதன் விதை முளைக்க மறுத்து உறங்கிவிடும். ஆகவே ஜூலையில் லெட்டூஸ் விதைக்கும் பண்ணைகள் தட்டுகளைக் குளிர் அறையில் வைத்து முளைக்கவைக்கின்றன.

மூன்றாவது, பகலின் நீளம். தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு எளிதில் தோன்றாத காரணி இது. ஏனெனில் சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். பாஸ்டனில் டிசம்பர் பகல் 9 மணி நேரத்தைச் சற்றே தாண்டும். ஜூன் பகல் 15 மணி நேரத்துக்கும் மேல். இந்த ஆறு மணி நேர வேறுபாடு பயிர்களின் வாழ்க்கையையே மாற்றிவிடுகிறது. பாலக் கீரை நீண்ட பகலைக் கண்டதும் இலை விடுவதை நிறுத்திப் பூத்தண்டை மேலே அனுப்பிவிடும். வெங்காயமோ நீண்ட பகலுக்காகவே காத்திருக்கும். இப்பகுதியில் பயிராகும் வகைகள் பகல் 14 மணி நேரத்தையோ அதற்கும் மேலான அளவையோ எட்டிய பிறகே கிழங்கு கட்டத் தொடங்குகின்றன. அந்த நேரத்தில் செடியில் எத்தனை இலைகள் உள்ளனவோ அத்தனை அடுக்குகள்தான் வெங்காயத்தில் இருக்கும். இதனால் பிப்ரவரி இறுதியிலேயே பசுமைக்குடிலில் விதைத்து, பகல் நீள்வதற்குள் செடியைப் பெரிதாக்கிவிட வேண்டியிருக்கிறது. தென்னிந்திய வெங்காய வகைகள் குறுகிய பகலுக்குப் பழகியவை. ஊரிலிருந்து விதை கொண்டுபோய் வசந்தத்தில் அங்கு ஊன்றினால், செடி வளரும் முன்பே கிழங்கு கட்டி, கோலிக்குண்டு அளவில் நின்றுவிடும்.

பகல் 10 மணி நேரத்துக்குக் கீழே போகும் காலத்தில், அதாவது நவம்பர் முற்பகுதியிலிருந்து பிப்ரவரி முற்பகுதிவரை, குளிரைத் தாங்கும் கீரைகள்கூட வளர்வதில்லை. மெய்ன் மாநிலத்தில் குளிர்காலக் காய்கறி வளர்ப்புக்குப் பெயர்பெற்ற எலியட் கோல்மன் இக்கணக்கைப் பரவலாக்கியவர். அந்த மூன்று மாதங்களில் பசுமைக்குடில் வயலைப் போல வேலை செய்யாது. முன்பே வளர்ந்ததை உயிரோடு வைத்திருக்கும் குளிர்ப்பெட்டி போலவே வேலை செய்யும்.

ஜூன் முதல் அக்டோபர் வரை

இனித் தலைப்பில் உள்ள கேள்விக்கு வரலாம். தக்காளியை மார்ச் இறுதியில் குடிலில் விதைத்து, உறைபனி அச்சம் நீங்கிய மே இறுதியில் வயலில் நடுகிறார்கள். நட்டதிலிருந்து முதல் பழத்துக்கு 70 முதல் 80 நாட்கள். கூட்டினால் ஆகஸ்ட் முதல் பாதி வந்துவிடுகிறது. நெகிழிக் குடிலுக்குள் முன்னதாக நடுபவர்கள் ஜூலையில் கொஞ்சம் தருவார்கள். ஜூன் மாதத்தில் அப்பகுதிக் கடைகளில் காணப்படும் தக்காளி வேறு மாநிலத்திலிருந்தோ, மெக்சிகோவிலிருந்தோ, கனடாவின் சூடேற்றிய கண்ணாடிக் குடில்களிலிருந்தோ வந்தது. பங்குப் பண்ணையில் அந்தக் கதவு கிடையாது. ஏப்ரல் குளிரில் விதைத்து 30 நாளில் முடியும் முள்ளங்கியும், 50 நாளில் முடியும் லெட்டூஸும், டர்னிப்பும் பாலக்கும்தான் ஜூன் முதல் வாரத்துக்குத் தயாராக இருக்கும். இலை என்பது செடி முதலில் செய்யும் வேலை. பூத்துக் காய்ப்பது பிறகு.

ஜூன் நடுவில் பெட்டியில் பலரும் அடையாளம் காணாத ஒன்று வரும்: பச்சைநிறத்தில், பென்சில் தடிமனில், வளையமாகச் சுருண்ட தண்டு. இது பூண்டின் பூத்தண்டு. பூண்டு இப்பண்ணைகளில் ஏறக்குறைய ஒன்பது மாதப் பயிர். அக்டோபரில் பற்களை ஊன்றி வைக்கோல் மூடாக்குப் போடுகிறார்கள். குளிரை அனுபவித்தால்தான் அது பற்களாகப் பிரியும். பனி உருகியதும் முளை மூடாக்கைத் துளைத்து வெளியே வருகிறது. ஜூனில் பூத்தண்டு சுருளும்போது அதைக் கையால் ஒடித்தெடுக்க வேண்டும். விட்டுவிட்டால் செடியின் வலு பூவுக்குப் போய்க் கிழங்கு சிறுத்துவிடும். ஒடித்ததை எறியாமல் பெட்டியில் வைக்கிறார்கள். நறுக்கி வதக்கினால் பூண்டு மணத்தோடு இளம் பீன்ஸ் போல இருக்கும்.

கிழங்கைத் தோண்டும் நாளும் அவ்வளவு கண்டிப்பானது. பூண்டின் ஒவ்வோர் இலையும் கீழே இறங்கிக் கிழங்கைச் சுற்றும் ஒரு தோலாகிறது. அடி இலைகளில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ காய்ந்த நிலையில் ஜூலை நடுவில் தோண்டினால், மீதிப் பச்சை இலைகள் தோலாக நின்று பூண்டைக் குளிர்காலம்வரை காக்கும். எல்லா இலையும் காயட்டும் என்று காத்திருந்தால் தோல் மண்ணிலேயே அழுகி, பற்கள் பிரிந்து கிடக்கும். தோண்டியதைக் களஞ்சியத்தில் கட்டித் தொங்கவிட்டு இரண்டு மூன்று வாரம் உலர்த்த வேண்டும். பெரிய பற்களை அடுத்த அக்டோபர் நடவுக்கு ஒதுக்கிவைத்த பிறகே உறுப்பினருக்கு வருகிறது. ஒரு பெட்டியில் இரண்டு பூண்டு மட்டும் இருந்தால், மீதி விதைக்குப் போயிருக்கிறது என்று கொள்ளலாம்.

ஜூலை, கைமாறும் மாதம். வெயில் ஏறியதும் லெட்டூஸ் கசக்கத் தொடங்குகிறது, பட்டாணி முடிகிறது. சுக்கினியும் வெள்ளரியும் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. சுக்கினியை ஒரு சாண் நீளத்தில், ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும். இரண்டு மூன்று நாள் பார்க்காமல் விட்டால் முழங்கை அளவுக்குப் பெருத்து, விதை முற்றி, செடி புதுக் காய் விடுவதைக் குறைத்துக்கொள்ளும். அதாவது உறுப்பினருக்கு வேண்டாவிட்டாலும் பறித்தே ஆக வேண்டும். பறித்தது எங்காவது போயாக வேண்டும். சுக்கினி குவிவதன் காரணம் இதுதான்; பண்ணையார் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆகஸ்டில் தக்காளி, கத்தரி, குடைமிளகாய், மக்காச்சோளம், பீன்ஸ், தர்பூசணி ஆகிய அனைத்தும் ஒரே சமயத்தில் வருகின்றன. வெண்டை பயிரிடும் பண்ணை என்றால் அதுவும் இப்போதுதான். ஆனால் வெப்பம் கூடினால் விளைச்சல் கூடும் என்பது தக்காளிக்குப் பொருந்தாது. பகல் வெப்பம் 32 முதல் 35 டிகிரியைத் தாண்டி இரவும் குளிராமல் இருந்தால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். பழுக்கும் காயும் 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமியைச் சரியாக உருவாக்குவதில்லை. ஜூலையில் ஒரு வெப்ப அலை வந்தால் அதன் விளைவு ஆகஸ்ட் இறுதியில் குறைந்த தக்காளியாகப் பெட்டியில் தெரியும். இடையில் பல வாரங்கள் கடந்துவிடுவதால், நல்ல வானிலை நிலவும்போது ஏன் காய் குறைகிறது என்று உறுப்பினர் குழம்புகிறார்.

செப்டம்பரும் அக்டோபரும் எடை மிகுந்த மாதங்கள். உருளை, கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், லீக்ஸ், பட்டர்நட் எனப்படும் பரங்கி வகை ஆகியவை வருகின்றன. உறைபனி இங்கே நன்மையும் செய்கிறது. கேரட்டும் கேல் கீரையும் குளிர் வரும்போது தம்மிடமுள்ள மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கிக்கொள்கின்றன. சர்க்கரை கலந்த நீர் எளிதில் உறையாது. செடி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் இந்த வேலைதான் அக்டோபர் கேரட்டின் இனிப்பு. பட்டர்நட் பரங்கியும் அறுத்தவுடன் சுவைக்காது. வெதுவெதுப்பான இடத்தில் சுமார் பத்து நாள் வைத்துத் தோல் இறுகிய பிறகு, சேமிப்பில் இருக்க இருக்க இனிப்பு ஏறும். செப்டம்பரிலேயே வயலில் பரங்கி கண்ணுக்குத் தெரிந்தும் பெட்டிக்கு வராமல் இருப்பது இதனால்தான்.

வயலை வாரங்களாகப் பிரிக்கும் கணக்கு

200 பங்குகள் உள்ள ஒரு பண்ணை, பங்குக்கு வாரம் ஒரு லெட்டூஸ் தர நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முளைக்காதது, முயல் கடித்தது, பூத்தண்டு விட்டது எல்லாம் போக 200 தேற வேண்டுமானால் 250 நாற்றாவது நட வேண்டும். ஒருமுறை நட்டது ஏறக்குறைய பத்து நாள்தான் அறுவடைப் பக்குவத்தில் நிற்கும். ஆகவே ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் இறுதிவரை வாரத்துக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் விதைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இப்படி நாற்பது வகைப் பயிர்களுக்கும் தனித்தனி அட்டவணை ஜனவரியிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

இந்த அட்டவணையில் மிகவும் இரக்கமற்ற வாரங்கள் ஆகஸ்ட் தொடக்கத்தில் வருகின்றன. வசந்தத்தில் விதைப்பு ஒரு வாரம் தள்ளினாலும் நீளும் பகலும் ஏறும் வெப்பமும் அதைச் சரிக்கட்டிவிடும். அறுவடை இரண்டு மூன்று நாள்தான் பிந்தும். ஆகஸ்டில் நிலைமை தலைகீழ். பகல் குறுகிக்கொண்டே போவதால் சில நாள் தாமதம் அறுவடையைச் சில வாரங்கள் தள்ளிவிடும். சில பயிர்கள் முடிக்காமலே குளிரில் நின்றுவிடும். தக்காளி பறிக்க ஆள் போதாத அதே வாரத்தில்தான் அக்டோபருக்கான டர்னிப்பையும் பாலக்கையும் விதைக்க வேண்டும். அக்டோபர் பெட்டி மெலிந்திருந்தால் காரணம் பெரும்பாலும் ஆகஸ்டில் கிடைக்காத இரண்டு நாட்களாக இருக்கும்.

பறிகூலி இன்னொரு கணக்கு. குட்டித் தக்காளி, பீன்ஸ், புதினா, துளசி வகைகள், பூக்கள் ஆகியவற்றை விளைவிப்பது எளிது. பறிப்பதற்கு நேரம் பிடிக்கும். அதனால் மாசசூசெட்ஸில் பல பண்ணைகள் இவற்றை உறுப்பினரே வரப்பில் இறங்கிப் பறித்துக்கொள்ளும்படி விட்டுவிடுகின்றன. பங்குத் தொகைக்குள் வரும் இந்த உரிமையைப் பயன்படுத்தாத குடும்பம், பங்கின் ஒரு பகுதியை வயலிலேயே விட்டுவிட்டு வருகிறது.

இழப்பு வரும் ஆண்டு

இடர்ப் பகிர்வு என்பது காகிதத்தில் இருக்கும்வரை எல்லாருக்கும் பிடிக்கும். அது சோதிக்கப்பட்ட ஆண்டுகள் சிலவற்றைப் பார்க்கலாம்.

1. 2009, தக்காளி. பெரிய கடைகளில் விற்ற தக்காளி நாற்றுகளுடன் பின் இலைக்கருகல் நோய் வடகிழக்கு முழுவதும் பரவியது. 1845-இல் அயர்லாந்தின் உருளையை அழித்த அதே நுண்ணுயிரியே இதற்கும் காரணம். அந்த ஜூன் மாதம் குளிரும் மழையுமாக இருந்தது அதற்கு வசதியாகப் போயிற்று. இதன் வித்துகள் காற்றில் பல கிலோமீட்டர் போகும். ஒரு வீட்டுத் தோட்டத்துச் செடி அடுத்த ஊர்ப் பண்ணையைத் தாக்கும். இயற்கை முறைப் பண்ணைகளுக்குச் செம்பு மருந்து தவிரப் பெரிய தற்காப்பு இல்லை. ஏராளமான பங்குப் பண்ணைகளில் அந்த ஆகஸ்ட் தக்காளி இல்லாமலே கழிந்தது.

2. 2011, வெள்ளம். ஆகஸ்ட் 28 அன்று ஐரீன் புயல் வெர்மான்ட்டைத் தாக்கியது. பர்லிங்டன் நகரில் வினூஸ்கி ஆற்றங்கரையில் உள்ள இன்டர்வேல் என்ற பண்ணைப் பகுதி மூழ்கியது; பருவத்தின் கனமான அறுவடை வயலில் நின்ற நேரம் அது.

3. 2023, மீண்டும் வெள்ளம். ஜூலை 10, 11 தேதிகளில் பெய்த மழையில் இன்டர்வேல் மறுபடியும் மூழ்கியது.

வெள்ளம் வடிந்த பிறகு காய் செடியில் நன்றாகத் தொங்குவதைப் பார்த்து, கழுவித் தரக்கூடாதா என்று கேட்டவர்கள் உண்டு. முடியாது. உண்ணும் பகுதியில் ஆற்று வெள்ளம் பட்டுவிட்டால் அதை மாசுபட்ட உணவாகவே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கருதுகிறது. சாக்கடை, எரிபொருள், பூச்சிமருந்து எல்லாம் கலந்த நீர் அது. மண்ணுக்குள் இருந்த கேரட்டும் தப்பாது.

இப்போது அதே 2023 ஜூலையில் சென்னையில் நடந்ததை எண்ணிப் பார்க்கலாம். தக்காளி வரத்து குறைந்து சில்லறை விலை கிலோ 100 ரூபாயைக் கடந்தது. தமிழ்நாட்டு அரசு நியாயவிலைக் கடைகளிலும் பண்ணைப் பசுமைக் கடைகளிலும் 60 ரூபாய்க்கு விற்றது. சந்தையில் பற்றாக்குறையை நுகர்வோர் விலையாக ஏற்றார். விளைச்சலை இழந்த உழவருக்கு அந்த உயர்ந்த விலையால் பயனில்லை, ஏனெனில் விற்க அவரிடம் ஒன்றும் இல்லை. வரத்து கூடி விலை சரிந்த காலங்களில் அதே உழவர் தக்காளியைச் சாலையோரம் கொட்டியிருக்கிறார். பங்குப் பண்ணையில் இவ்விரண்டும் நடப்பதில்லை. தக்காளி போன ஆண்டிலும் பண்ணையின் வருமானம் நிற்கிறது. அடுத்த ஆண்டு விதைக்க உழவர் இருக்கிறார். விலையை ஏற்றாமல் பெட்டியின் ஒரு மூலையைக் காலியாக விடுவதே இந்த முறையில் பற்றாக்குறை வெளிப்படும் வழி.

அந்த மூலை முழுப் பெட்டியாக மாறாமல் காப்பது பயிர்வகைகளின் எண்ணிக்கை. குளிரும் மழையுமான கோடை தக்காளியைக் கெடுத்தாலும் முட்டைக்கோஸுக்கும் கேரட்டுக்கும் நல்லது. வெள்ளம் இந்தக் காப்பையும் உடைத்துவிடுகிறது; வகை பார்க்காமல் வயலையே எடுத்துக்கொள்கிறது. ஆற்றங்கரை வண்டல் நல்ல மண் என்பதற்காகவே பண்ணைகள் அங்கு அமைந்தன. வெள்ளம் அடிக்கடி வரும் காலத்தில் அந்த நல்ல மண்ணே இடராகிறது. இந்தச் சிக்கலுக்கு உறுப்பினர்களின் பொறுமை மட்டும் விடையாகாது.

எங்கே இந்த ஏற்பாடு இடறுகிறது

பல நூறு டாலரை மார்ச் மாதத்திலேயே கட்ட எல்லாராலும் முடியாது. அரசின் உணவு உதவியான ஸ்நாப் அட்டையைப் பயன்படுத்துவோருக்குச் சட்டமே தடையாக நிற்கிறது: பொதுவாக 14 நாளுக்கு மேல் முன்கூட்டி அந்த அட்டையில் பணம் பெறப் பண்ணைகளுக்கு அனுமதி இல்லை. சில பண்ணைகள் தவணையாக வாங்கி இதைச் சமாளிக்கின்றன. மாசசூசெட்ஸ் 2017-இல் தொடங்கிய திட்டம் ஒன்று, பண்ணையில் நேரடியாக வாங்கும் காய்கறிக்கான தொகையை மாதாந்திர வரம்புக்குள் அட்டைக்கே திருப்பிச் சேர்க்கிறது. பங்குப் பண்ணைகளும் இதில் அடங்கும்.

இரண்டாவது இடறல் பெயரில். 2015-இல் அமெரிக்க வேளாண் துறை நடத்திய கணக்கெடுப்பில் 7,398 பண்ணைகள் இந்த வழியில் 226 மில்லியன் டாலருக்கு நேரடி விற்பனை செய்திருந்தன. பெயர் மதிப்புப் பெற்றதும், பல இடங்களில் காய்கறி வாங்கிப் பெட்டியில் அடைத்து விற்கும் நிறுவனங்களும் அதே பெயரைச் சூட்டிக்கொண்டன. அவற்றின் பெட்டியில் வகை குறையாது. ஒரு பண்ணையில் பயிர் போனால் இன்னொன்றில் வாங்கிவிடுவார்கள். அது பயனுள்ள வணிகமாக இருக்கலாம். ஆனால் இடரை யாரும் பகிரவில்லை. கலிஃபோர்னியா 2013-இல் சட்டம் இயற்றி, இந்தப் பெயரில் விற்போர் பதிவு செய்ய வேண்டும் என்றது இதன் காரணமாகத்தான்.

மூன்றாவது, தெரிவு. வேண்டாத டர்னிப் தொடர்ந்து வந்தால் உறுப்பினர் அடுத்த ஆண்டு சேரமாட்டார். இதைத் தவிர்க்கப் பல பண்ணைகள் முன்பணத்தைக் கணக்கில் வரவு வைத்து, பண்ணைக் கடையில் விரும்பியதை எடுக்க விடுகின்றன. உறுப்பினர் தங்குகிறார், ஆனால் எல்லாரும் தக்காளியை எடுத்து டர்னிப்பை விட்டால், பல வகைப் பயிர் செய்வதற்கான காரணமே மெல்லத் தேய்கிறது. என் கணிப்பில் சலுகையாகத் தோன்றும் இந்த மாற்றம்தான் மூலக் கருத்துக்கு வெள்ளத்தைவிடப் பெரிய சோதனை.

தமிழ்நாட்டில் இதே முறை

தமிழ்நாட்டில் ஆரோவில்லில், 1996-இல் கிருஷ்ணா மெக்கென்சி தொடங்கிய சாலிட்யூட் பண்ணை உறுப்பினர்களுக்குக் கூடை தரும் முறையைப் பின்பற்றுகிறது. அங்கு உறைபனி இல்லை. பகல் நீளமும் பெரிதாக மாறாது. அங்கே பருவத்தை ஆள்பவை வெயிலும் மழையும். நாட்டுக் காய்களுக்கு ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் முதன்மையாவது இதனால்தான். மாசசூசெட்ஸின் ஜனவரிக்கு ஈடான ஒடுக்கம் இங்கே அக்னி வெயிலிலும், வயலில் நீர் தேங்கும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் வருகிறது. அப்போது கூடையைக் காப்பாற்றுபவை முருங்கை, வாழைத்தண்டு, வாழைப்பூ, பப்பாளி, தானாக முளைக்கும் கீரைகள் போன்றவை. கேரட்டும் காலிஃபிளவரும் எதிர்பார்த்துச் சேருபவருக்கு இந்தக் கூடை ஏமாற்றமாகவே இருக்கும். ஜூனில் தக்காளி கேட்கும் மாசசூசெட்ஸ் உறுப்பினரின் நிலையும் இதுவேதான்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

1. பெட்டியில் வருபவை அனைத்தும் இதே பண்ணையில் விளைந்தவையா, வெளியிலிருந்து வாங்கியவை உண்டா? வாங்குவதாக இருந்தால் எவை, எந்த மாதங்களில்?

2. சென்ற ஆண்டில் வாரவாரம் கொடுத்தவற்றின் பட்டியல் கிடைக்குமா? இதைக் கேட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பெரும்பாலான பண்ணைகள் பட்டியல் வைத்திருக்கின்றன.

3. பயிர் முழுமையாக அழிந்தால் ஏற்பாடு என்ன? பணம் திரும்பாது என்பது பொது விதி. சில பண்ணைகள் பிந்திய வாரங்களைச் சேர்த்துத் தருகின்றன, அல்லது அடுத்த ஆண்டுத் தொகையில் சிறிது கழித்துக்கொள்கின்றன.

4. வயல் ஆற்றங்கரைத் தாழ்நிலமா, மேட்டு நிலமும் உண்டா?

5. ஊருக்குப் போகும் வாரத்தில் பங்கை வேறொருவர் பெற்றுக்கொள்ளலாமா? ஆகஸ்டில் மூன்று வாரம் இந்தியா செல்லும் குடும்பம், தக்காளிப் பருவத்தின் நல்ல பகுதியைத் தவறவிடும். அத்தகையவர்களுக்குச் செப்டம்பரில் தொடங்கும் இலையுதிர்காலப் பங்கோ, நவம்பர், டிசம்பரில் கிழங்கும் பரங்கியுமாக வரும் குளிர்காலப் பங்கோ பொருத்தமாக இருக்கும்.